மேலணைத் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும் ஊரின் பெயர் என்ன? அம்மாவைக் கூட்டிப்போக வழி சொல்லுங்கள்

பொருநைப் பேரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்பை (அம்பாசமுத்திரம்), விக்கிரமசிங்கபுரம் (விகேபுரம்) பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

என் அம்மாவுக்கு இப்போது 71 வயது. சின்ன வயதில் பாபநாசம் மேலணையில், மின்வாரிய குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். தாத்தாவுக்கு அங்கே வேலை. அம்மா நாலாவது படிக்கும்போது தாத்தாவுக்கு மாற்றல் வந்து மலையை விட்டு இறங்கினார்கள், அதோடு சரி, திரும்ப ஒரு தடவைகூட மேலே போகவில்லை. நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னை. பாபநாசம் கோயில் வரைக்கும் இரண்டு முறை வந்திருக்கிறேன், அதற்கு மேல் எதுவும் தெரியாது.

போன மாதம் அம்மா காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். ராத்திரி தூக்கம் வராமல் பேசிக்கொண்டே இருந்தார், பேசியதெல்லாம் அந்த அணையைப் பற்றித்தான். நாலு பக்கமும் மலை, நடுவில் கடல் மாதிரித் தண்ணீர், காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் மேல் பனி படுத்துக் கிடக்கும், வெயில் ஏறிய பிறகுதான் அக்கரை தெரியும், அக்கரையிலிருந்து ஆட்கள் தெப்பத்தில் தேனும் மிளகும் கொண்டு வருவார்கள், அதில் ஒரு தாத்தா அம்மாவுக்கென்று தனியாக இலையில் மடித்து நெல்லிக்காய் கொண்டு வந்து தருவார், இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தத் தாத்தாவின் முகம்கூட ஞாபகம் இருக்கிறதாம். ஊர்ப் பெயர் மட்டும் வாய் வரைக்கும் வந்துவிட்டு வெளியே வரவில்லை. அதற்காக ஒரு நாள் அழுதே விட்டார்.

அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த ஏரியில் பாணதீர்த்தம் அருவிக்குப் படகு போகும் என்பார்களே, இப்போதும் போகிறதா? முழங்கால் வலி உள்ளவரால் எவ்வளவு தூரம் வர முடியும்? எந்த மாதம் வரலாம்? அப்புறம், அந்தத் தண்ணீரைச் சுற்றி என்னென்ன ஊர்கள் இருக்கின்றன? வரைபடத்தில் தேடினால் பச்சையாக மட்டும் காட்டுகிறது, ஊர்ப் பெயர் ஒன்றும் இல்லை.

விகேபுரத்துக்காரன் எழுதியது:

தம்பி, படகு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு ஆசை காட்டிக் கூட்டி வந்துவிட்டு மேலணை இருக்கிற காரையாற்றில் நின்று ஏமாற வேண்டாம். முன்னே படகுத்துறையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால், தண்ணீர் மலைக்குள் வளைந்து வளைந்து போகும், அருவி கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் வரும், எங்கள் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் மறுநாள் காலையில் அங்கேதான் கூட்டிப்போவோம். அதையெல்லாம் நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. அருவிக்குப் போவது பற்றி அவ்வப்போது ஏதாவது பேச்சு வரும், அதை நம்பிக் கிளம்பாமல் வருகிற வாரத்தில் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் காரையாறு வரைக்கும் தாராளமாக வரலாம். அம்பையில் ரயில் இறங்கினால் விகேபுரம், பாபநாசம், அங்கிருந்து மலை ரோடு. பஸ்ஸும் உண்டு, ஆனால் முழங்கால் வலி என்கிறீர்கள், கார் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நிறுத்தி வண்டியைப் பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பை, சோப்பு, ஷாம்பு எதுவும் இருந்தால் எடுத்துவிடுவார்கள், அதில் கோபப்படக் கூடாது. அந்த ஆற்றில் பரிகாரம் என்று துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களால் நாங்கள் படுகிற பாடு கொஞ்சமல்ல, பாபநாசம் படித்துறையில் மூட்டை மூட்டையாகத் துணி அள்ளியிருக்கிறோம். உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று எவர் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, அந்தத் துணி மீனையும் ஆற்றையும் சேர்த்துச் சாகடிக்கிறது.

காலையிலேயே ஏறிவிடுங்கள். சாயங்காலம் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், அது புலிகள் காப்பகம். வழியில் முண்டந்துறை தாண்டியதும் சொரிமுத்து அய்யனார் கோயில், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, அம்மா கட்டாயம் இறங்கிக் கும்பிட வேண்டும் என்பார்கள். அங்கே பட்டவராயன் சாமிக்குத் தோல் செருப்பு காணிக்கை வைத்திருப்பார்கள், அதையும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆடி அமாவாசைக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அப்போது குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்கியிருப்பார்கள், கார் போக இடமிருக்காது. ஜனவரி, பிப்ரவரிதான் சரியான நேரம். வடகிழக்குப் பருவமழை முடிந்து அணையில் தண்ணீர் நிறைய நிற்கும், வெயிலும் சுடாது. மே மாதம் வந்தால் தண்ணீர் இறங்கி, கரையெல்லாம் மொட்டை மண்ணாகத் தெரியும், அம்மா மனதில் வைத்திருக்கும் கடல் அதுவாக இருக்காது. வருடத்தில் ஒரு வாரம் புலி கணக்கெடுப்பு என்று மூடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டின் மேலே ஏற விடமாட்டார்கள். கார் எதுவரை போகலாம் என்பதையும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். படகைத் திரும்ப விட வேண்டும். அதை நம்பி எத்தனை கடைக்காரர், எத்தனை டிரைவர் பிழைத்தார்கள்.

மலைப்பள்ளி டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா தேடுகிற பெயர் அநேகமாக இஞ்சிக்குழி. அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

நான் அந்த மலையில் சில வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவள், இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வரைபடத்தில் பச்சையாக மட்டும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் மனது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் அந்தப் பச்சைக்குள்ளிருந்து வந்தவர்கள். எல்லாம் காணிக்காரர்கள் என்கிற பழங்குடி மக்களின் ஊர். அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, சின்ன மைலார், பெரிய மைலார், அப்புறம் சேர்வலாறு அணைப் பக்கம் ஒரு காணிக்குடியிருப்பு. இவை எல்லாம் அணைகளை ஒட்டியும் கீழேயும் இருப்பவை. இஞ்சிக்குழி மட்டும் தனி. அது தண்ணீருக்கு அந்தப் பக்கம், பாணதீர்த்தத்துக்கும் மேலே காட்டுக்குள். சில வீடுகள்தான். அதற்கும் மேலே போனால் கன்னிகட்டி, அதையும் தாண்டினால் பொதிகை உச்சிக்குக் கீழே பூங்குளம் என்கிற சுனை. தாமிரபரணி அங்கேதான் பிறக்கிறது. நீங்கள் மலை ஏரி என்று சொல்வதானால் இயற்கையாக அமைந்தது அந்தப் பூங்குளம்தான், அளவில் சின்னது. அங்கே போக இப்போது யாருக்கும் வழி கிடையாது. அகத்தியர் மலைக்கு ஏற வேண்டுமானால் கேரளத்துப் பக்கம் போனக்காட்டிலிருந்து, அவர்கள் வனத்துறை அனுமதியோடு.

காணி மக்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், தண்ணீரைப் பார்க்க வருகிறவர்கள் அவர்களைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். அகத்தியரைக் குருவாக வைத்திருப்பவர்கள். ஊருக்கு ஒரு மூட்டுக்காணி, தலைவர். வைத்தியம் பார்க்கிறவர் பிலாத்தி. கொக்கரை என்று ஒரு இரும்புக் கருவி, அதைச் சுரண்டி ஓசை எழுப்பிக்கொண்டே ராத்திரி முழுக்கச் சாற்று என்கிற பாட்டைப் பாடுவார்கள், நோய்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து. நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், விடியும் வரை எழுந்திருக்கவே மனசு வரவில்லை. பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம் மாதிரி இருக்கும். மரச்சீனி, மிளகு, வாழை, பலா போடுவார்கள், தேன் எடுப்பார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1987இல் மலையின் அந்தப் பக்கம், கேரளத்துக் காணிக்காரர்கள் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காட்டிக் கொடுத்தது. காட்டில் களைப்பு தெரியாமல் இருக்க அவர்கள் நடந்துகொண்டே தின்கிற காய் அது. அதிலிருந்து மருந்தே வந்தது.

இப்போது படகு விஷயம். விகேபுரத்துத் தம்பி சொல்வது எனக்குப் புரிகிறது, அங்கே டீக்கடை வைத்திருந்தவர்களை எனக்கும் தெரியும். ஆனால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு என்றால் இவ்வளவு பேச்சு வருகிறது, இஞ்சிக்குழிக்காரர்களுக்குப் படகு என்றால் யாரும் வாயே திறப்பதில்லை. அவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் ரோடு. ரேஷன் அரிசி, ஆஸ்பத்திரி, ஓட்டு, பள்ளிக்கூடம் எல்லாமே இக்கரையில். அங்கே இருந்த ஒரு வயதான பாட்டிக்கு முதியோர் உதவித்தொகையைக் கொடுக்க, மேலணைத் தபால் ஆபீஸ்காரர் தண்ணீரைக் கடந்து, காட்டில் மணிக்கணக்காக நடந்து போய்வந்தார், பேப்பரில்கூட வந்தது. ஒருவருக்குப் பணம் கொடுக்க ஒருவர் ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிற இடம் அது. மழைக்காலத்தில் சின்ன மைலாரும் அப்படித்தான், ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டால் ஊர் துண்டித்துப் போகும், என் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். வெள்ளம் வடிந்து பிள்ளைகள் வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு தலையாக எண்ணுவேன். படகு விடுவதாக இருந்தால் முதல் படகு அந்தப் பிள்ளைகளுக்கு விடட்டும், அப்புறம் நாம் அருவி பார்க்கப் போகலாம்.

கன்னடியன் கால்வாய் விவசாயி எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வீரவநல்லூர்ப் பக்கம், நெல்லும் வாழையும். அந்த அணையை நான் வாழ்க்கையில் மூன்று தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை நினைக்காத நாள் கிடையாது. எங்களுக்கு அது ஒரு எண். காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்தால் கண் முதலில் போவது பாபநாசம் எத்தனை அடி என்ற இடத்துக்குத்தான். 143 அடி முழு மட்டம். சேர்வலாறு 156, அதுவும் இதுவும் இணைந்த அணைகள். மணிமுத்தாறு 118. எங்கள் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், இந்த மூன்று எண்ணையும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்.

பொருநைப் பேரன் தம்பி, ஏரி என்று எழுதியிருந்தீர்கள். அது வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1940களில் முடிந்த அணை, ஆற்றைத் தடுத்து நிறுத்திய தண்ணீர். அதற்குக் கீழே ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றின் கால்வாய்களில் 86,107 ஏக்கர் பாய்கிறது. ஜூனில் மேற்கே மழை பிடித்து மட்டம் ஏறினால் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்கள், ஏறவில்லையென்றால் அந்த வருடம் கார் கிடையாது, அடுத்த நெல் பருவமான பிசானத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் என்னைக் கேட்டால் அந்தத் தண்ணீரைச் சுற்றியுள்ள ஊர்கள் என்றால் ஆறு கடலில் சேருகிற புன்னைக்காயல் வரைக்கும் எழுத வேண்டும்.

ஆனால் டீச்சர் சொன்ன ஊர்ப் பெயரில் பாதி எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், 56 வயதில். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் வயலில் மணல் மேடு தட்டியது, வாழை எல்லாம் போனது, அந்த இரண்டு ராத்திரியும் அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், எவ்வளவு வருகிறது என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அணைக்கு மேலே, அந்த மழைக்குள்ளேயே, சில வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படகு விஷயத்தில் நான் டீச்சர் கட்சி.

நாலுமுக்குப் பிள்ளை எழுதியது:

நான் காரையாற்றுக்காரன் இல்லை, மலையின் இன்னொரு பக்கம். மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து தேயிலைத் தோட்ட ஊர். நாலுமுக்கில் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டில் பிறந்தேன். எங்கள் ஆச்சி கொழுந்து பறித்தார், அம்மாவும் பறித்தார். மழை என்றால் ஊத்தும் நாலுமுக்கும்தான், வடகிழக்குப் பருவமழையில் மாநிலத்திலேயே அதிக மழை என்று எங்கள் ஊர்ப் பெயரைத்தான் பல நாள் வாசிப்பார்கள். குதிரைவெட்டியைத் தாண்டினால் அந்தப் பக்கம் மேல்கோதையாற்றுத் தண்ணீர். ஒரே மேகம், இந்தப் பக்கம் பெய்தால் மணிமுத்தாறு, அந்தப் பக்கம் பெய்தால் கோதையாறு வழியாகக் குமரி மாவட்டம்.

சிங்கம்பட்டி ஜமீனிடம் தோட்டக் கம்பெனி 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர் காடு அது. 2028இல் குத்தகை முடிகிறது. அதற்கு முன்னாலேயே 2024இல் வேலை நின்று, நிறையப் பேர் இறங்கிவிட்டோம். நான் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறேன். காடு காடாகத் திரும்புவது நல்லது என்றே வைத்துக்கொள்வோம், அதற்காக நாங்கள் அங்கே இருக்கவே இல்லை என்கிற மாதிரிப் பேசுகிறவர்களைக் கேட்டால் தாங்க முடியவில்லை. எங்கள் ஆச்சியைப் புதைத்தது அங்கே.

பொருநைப் பேரன் அண்ணா, உங்கள் அம்மா சொல்வதை எல்லாம் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆச்சி ஓடைக்கு ஒரு பெயர், பாறைக்கு ஒரு பெயர் சொல்வார், நான் எழுதி வைக்கவில்லை. இப்போது கேட்க ஆளும் இல்லை, போய்ப் பார்க்க ஊரும் இல்லை. குவார்ட்டர்ஸ் எந்த வரிசை, பக்கத்து வீட்டில் யார், தெப்பம் எந்தக் கரையில் ஒதுங்கும், எல்லாவற்றையும் கேளுங்கள்.

பொருநைப் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர் எழுதியதை நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். இஞ்சிக்குழி, இஞ்சிக்குழி என்று இரண்டு தடவை சொன்னார், அப்புறம் "இஞ்சிக்குழித் தாத்தா"ன்னுதான் நாங்க கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். நாலுமுக்குத் தம்பி சொன்னபடி போனில் பதிவு செய்துவிட்டேன். பட்டவராயன் செருப்பைப் பற்றிக் கேட்டேன், அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், சாமி ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடப்பார் என்று தாத்தா சொல்லிப் பயந்து கிடந்ததாகச் சொன்னார்.

பிப்ரவரி முதல் வாரம் வருகிறோம். படகு இல்லை என்று சொன்னேன். பரவாயில்லை, இக்கரையில் உட்கார்ந்து பனி விலகுகிற வரைக்கும் பார்த்தால் போதும் என்கிறார். டீச்சர், ஒன்று கேட்க வேண்டும். அம்மா சும்மா வெறுங்கையோடு வரமாட்டேன் என்கிறார். காணிக்குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டு வரலாமா, அது தப்பாகப் படுமா?

மலைப்பள்ளி டீச்சர் எழுதியது:

தப்பில்லை தம்பி, ஆனால் ஊருக்குள் நேராகப் போய் நிற்காதீர்கள், அனுமதி வேண்டும், அவர்களுக்கும் சங்கடம். நோட்டும் பேனாவும் வாங்கி வாருங்கள், மிட்டாய் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடலாம், நானே கூட வருகிறேன், எனக்கும் பிள்ளைகளைப் பார்த்து நாளாகிறது. தேனோ மிளகோ அவர்கள் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பனி விலகுவதைப் பார்க்க வேண்டுமானால் சாவடி திறக்கும் நேரத்துக்கே அங்கே இருக்க வேண்டும், அதனால் முதல் நாள் ராத்திரி விகேபுரத்தில் தங்கிவிடுங்கள். அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை மறக்க வேண்டாம்.